ஆயுத பூஜைக்கு எலுமிச்சம்பழம் மட்டும் போதுமா?



ஆயுத பூஜை அன்று நம்ம ஒர்க்ஷாப்பைப் பார்த்திருப்பீர்கள். லேத்துக்குச் சந்தனம், டிரில்லிங் மெஷினுக்குக் குங்குமம், பெஞ்ச் வைஸுக்குக் கூட ஒரு முழம் பூ! வெளியே வந்தால் தாம்பரம் முழுக்க அதே கோலம்தான். ஆட்டோ, வேன், கார் எல்லாம் குளித்து முழுகி, வாழைக்கன்று கட்டிக்கொண்டு நிற்கும். நான்கு சக்கரத்துக்கும் கீழே நான்கு எலுமிச்சம்பழம். ஏற்றி நசுக்கிவிட்டுக் கிளம்பினால் திருஷ்டி கழிந்தது, ஒரு வருடத்துக்குக் கவலை இல்லை!

அப்படி அலங்காரம் பண்ணி நிற்கிற ஒரு பழைய வண்டியின் பானெட்டைத் திறந்து டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். பல வண்டிகளில் தார் மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டு வரும். "ஆயில் எப்ப அண்ணே மாத்தினீங்க?" என்று கேட்டால், தலையைச் சொறிவார்கள்.

'என்னடா இவன், ஆண்டு மலரில் காதல் கவிதை எழுதுவான்னு பார்த்தா என்ஜின் ஆயிலைப் பத்தி எழுதறான்' என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. கவிதை எழுத நம் காலேஜில் ஆள் நிறைய. இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஊற்றினார், மாற்றவில்லை!

எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இருக்கிறார். சேலையூர் பக்கம் சின்னதாகக் கேட்டரிங் நடத்தினார். பழைய மாருதி ஆம்னி வேன் ஒன்றில் காலையில் டிபன், மதியம் சாப்பாடு என்று அலுவலகங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். அவர் குடும்பமே அந்த வண்டியை நம்பித்தான் ஓடியது. லீவு நாட்களில் நானும் கூடப் போய் டிபன் கேரியர் இறக்கி வைத்திருக்கிறேன்.

போன வருடம் ஒரு நாள் இரும்புலியூர் அருகே என்ஜினில் 'கட கட' என்று சத்தம். பத்து நிமிடத்தில் நின்றுவிட்டது. பட்டறையில் சம்பைக் கழற்றினோம். அடியில் கறுப்பாக அல்வா மாதிரி ஸ்லட்ஜ். ஆயில் பம்ப்புக்குப் போகும் ஸ்ட்ரெயினர் முக்கால்வாசி அடைத்திருந்தது. பெரிங் எல்லாம் போய், கிராங்க் ஷாஃப்ட்டிலும் கோடு விழுந்துவிட்டது.

"தம்பி, மாசா மாசம் அரை லிட்டர் ஊத்திக்கிட்டுதானே இருக்கேன்! அப்புறம் எப்படி?" என்றார் அண்ணன்.

ஊற்றினார், உண்மைதான். ஆனால் இரண்டு வருடமாக மாற்றவே இல்லை! பழைய குழம்பில் ஒரு கரண்டி புதுக் குழம்பை விட்டுச் சுட வைத்தால் அது புதுக் குழம்பு ஆகிவிடுமா? அளவு சரியாக இருக்கும். ஆனால் உள்ளே இருக்கிற கரி, அமிலம், உலோகத் தூள் எல்லாம் உள்ளேயேதான் இருக்கும்.

ஆயில், ஃபில்டர், கூலி என்று இரண்டு வருடத்தில் அவர் மிச்சம் பிடித்தது சுமார் ஆறாயிரம் ரூபாய். என்ஜின் வேலைக்கு ஆனது அதைப்போல் ஐந்து மடங்கு. அதுகூடப் பரவாயில்லை. வண்டி மூன்று வாரம் படுத்துவிட்டது. சாப்பாட்டு ஆர்டர் வேறு ஆளுக்குப் போனது. போனது திரும்பி வரவில்லை. இன்று அந்த அண்ணன் வேறொருவர் சமையற்கட்டில் சம்பளத்துக்கு நிற்கிறார்.

என்னைக் குத்துவது இதுதான். அந்த வண்டியில் எத்தனை முறை ஏறி இறங்கியிருக்கிறேன்! ஸ்டார்ட் பண்ணிய பிறகும் ஆயில் பிரஷர் விளக்கு அணையாமல் சிமிட்டியதைப் பார்த்திருக்கிறேன். "ஒயரிங் கோளாறுடா" என்றார் அவர். "சரிங்கண்ணே" என்றேன் நான்! அந்த செமஸ்டரில்தான் லூப்ரிகேஷன் சிஸ்டத்துக்குப் படம் வரைந்து, பாகம் குறித்து, முழு மார்க் வாங்கினேன். டிப் ஸ்டிக்கை மட்டும் ஒரு தடவை கூட உருவிப் பார்க்கவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது எனக்காகவே சொன்னது போலிருக்கிறது.

நம்ம ஊர் கார் சொல்லும் பாடம்

பழைய கார் என்றதும் தாம்பரத்துக்காரர்களுக்கு ஒரு தனி உரிமை உண்டு. நமக்குத் தெற்கே அடுத்த ஸ்டேஷன் பெருங்களத்தூர். அங்கே ஒரு காலத்தில் கார் தயாரித்தார்கள் என்று சொன்னால் முதலாமாண்டுத் தம்பிகள் நம்ப மாட்டார்கள். ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி! இத்தாலிக்காரர் மிக்கலோட்டி வடிவமைத்த, இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டு காரைத்தான் 1961-லிருந்து 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் இங்கே தயாரித்தார்கள். 948 சி.சி. என்ஜின். பானெட்டைத் தூக்கினால் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமே முழுதாகக் கவிழ்ந்து திறக்கும். பிறகு 'கசல்' வந்தது. 1985-ல் 'ஸ்டாண்டர்டு 2000' வந்தது. 1988-ல் தொழிற்சாலை மூடப்பட்டது. இன்று அந்த இடத்தில் ஐ.டி. கட்டடங்களும் அடுக்குமாடி வீடுகளும் நிற்கின்றன.

கம்பெனி போய்விட்டது. ஆனால் ஒன்றிரண்டு ஹெரால்டு இன்னும் ஓடுகிறது. எப்படி? அதில் ஒரு சின்ன ரகசியம். ஹெரால்டின் முன்சக்கரம் திரும்புவதற்குக் கீழே 'டிரன்னியன்' என்று ஒரு மரை போட்ட இணைப்பு உண்டு. அதற்குக் கிரீஸ் வைக்கக் கூடாது; கெட்டியான கியர் ஆயிலைத்தான் கிரீஸ் கன்னில் அடைத்து அடிக்க வேண்டும் என்கிறது கையேடு. ஆனால் நிப்பிளைப் பார்த்ததும் கை கிரீஸைத்தான் தேடும். கிரீஸ் மரைக்குள் இறங்காது. நாளாக நாளாகக் கெட்டியாகி, தண்ணீர் தங்கி, துரு பிடித்து, ஒரு நாள் முறிந்து சக்கரமே மடங்கிவிடும். கையேட்டைப் படித்தவர்கள் வைத்திருந்த ஹெரால்டு ஓடுகிறது. பழக்கத்தை நம்பிய பல வண்டிகள் காயலான் கடைக்குப் போய்விட்டன.

மற்ற பழைய வண்டிகளின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. அம்பாசிடர் அதே வருடம் மே மாதம் நின்றது. ஆம்னி 2019-ல் நின்றது. ஸ்பேர் கிடைக்கலாம், மெக்கானிக்கும் கிடைக்கலாம். ஆனால் இன்று ஓடுகிற வண்டிகளில் பல, இரண்டு மூன்று கை மாறியவை. கையேடு முதல் ஓனரோடு போயிருக்கும். 'உங்கள் சர்வீஸ் நாள் வந்துவிட்டது' என்று யாரும் போன் பண்ண மாட்டார்கள். அந்தக் கணக்கை இனி நாமேதான் போட வேண்டும்.

ஜி.எஸ்.டி. ரோட்டுக் கணக்கு

"பழைய காருக்கு எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாத்தணும்?" எல்லோரும் கேட்கிற கேள்வி இது. கேள்வியே பாதிதான் சரி என்பது என் கட்சி. ஏன் என்று பாருங்கள்.

கார்ப்புரேட்டர் போட்ட பழைய பெட்ரோல் வண்டிக்கு 5000 கி.மீ. என்பது பட்டறைகளில் பொதுவான கணக்கு. அந்த 5000-ஐ மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் திண்டிவனம், விழுப்புரம் என்று ஓடித் தீர்த்தால், என்ஜின் உழைத்தது 100 மணி நேரம். அதையே நம்ம ஜி.எஸ்.டி. ரோட்டில் (வரி இல்லை ஐயா, கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு!) பெருங்களத்தூர், தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் ஊர்ந்து தீர்த்தால்? 333 மணி நேரம்! மூன்று மடங்குக்கும் மேல். ஓடோமீட்டர் தூரத்தைக் காட்டும், உழைப்பைக் காட்டாது.

அது மட்டுமா? சிக்னலில் நிற்கும்போது எதிர்க்காற்று இல்லை, சூடு ஏறும். சூடு பத்து டிகிரி கூடினால் ஆயில் கெடுகிற வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது வேதியியலின் நாட்டுக் கணக்கு. இன்னொரு பக்கம், கேட்டரிங் அண்ணன் வண்டி மாதிரிப் பத்து நிமிடம் ஓடி நின்று, பத்து நிமிடம் ஓடி நின்று போகிற வண்டியில் ஆயில் முழுச் சூடு ஏறுவதே இல்லை. எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆவியாகிப் போகாமல் ஆயிலிலேயே கலந்துவிடும். ஸ்லட்ஜ் உருவாக இது ஒன்று போதும். ஆகவே "புதுக் காருக்கு 10,000 கி.மீ. வரைக்கும் தாங்குதாமே" என்று எட்டாயிரம், பத்தாயிரம் இழுப்பது நம்ம ஊர்ப் பழைய வண்டிக்குச் சுத்தமாகப் பொருந்தாது.

இதற்கு நேர் எதிர்க் கட்சியும் உண்டு. "தாத்தா கார் வருஷத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர் கூட ஓடலை. எதுக்கு மாத்தணும்?" நின்றாலும் மாற்ற வேண்டும்! ஆயிலில் ஏற்கெனவே சேர்ந்த அமிலமும் ஈரமும் வண்டி தூங்கும்போது தூங்குவதில்லை. பெரிங்கை அரித்துக்கொண்டே இருக்கும். நம்ம ஊர் மழைக்கால ஈரத்தில் கேட்கவே வேண்டாம். ஆக, 5000 கி.மீ. அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அது. அபூர்வமாக வெளியே எடுக்கிற வண்டி என்றால் வருடத்துக்கு ஒரு தடவையாவது கட்டாயம்.

அதற்காக "ரெண்டாயிரத்துக்கு ஒரு தடவை மாத்து" என்பவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. நல்ல ஆயிலைக் கொட்டுவது காசுக்கும் கேடு, ஊருக்கும் கேடு.

பட்டறை வேதங்கள்

மேஸ்திரிகளின் கை அனுபவத்துக்கு முன்னால் நாம் தூசு. சத்தத்தை வைத்தே எந்த டேப்பெட் லூஸ் என்று சொல்கிறவர்கள் அவர்கள். ஆனாலும் வழிவழியாக வருகிற சில வார்த்தைகளை மரியாதையோடு மறுக்கத்தான் வேண்டும்.

"கறுப்பானா மாத்து, இல்லேன்னா ஓட்டு." கறுப்பு என்றால் ஆயில் கெட்டது என்று அர்த்தமில்லை. ஆயிலில் இருக்கிற டிடர்ஜென்ட் கரியைக் கழுவி எடுத்திருக்கிறது, அவ்வளவுதான். டீசல் வண்டியில் மாற்றிய சில நாளிலேயே கறுக்கும். பயப்பட வேண்டியது வேறு நிறத்துக்கு. பால் விட்ட காப்பி மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அதேபோல் ஆயில் மட்டம் குறைந்தால் பதறுகிற நாம், கூடினால் சந்தோஷப்படுகிறோம். தப்பு! மெக்கானிக்கல் ஃப்யூயல் பம்ப் இருக்கிற பழைய வண்டியில் டயஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் நேராகச் சம்புக்குள் இறங்கும். டிப் ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் வாடை வந்தால் வண்டியை எடுக்காதீர்கள்.

"பழைய என்ஜினா? கெட்டி ஆயிலாப் போடு." பாதி உண்மை. அம்பாசிடர், ஹெரால்டு மாதிரி அந்தக் கால என்ஜின்கள் கெட்டி ஆயிலுக்கே பிறந்தவை. குளிர்காலமே இல்லாத நம்ம ஊரில் 20டபிள்யூ-50 அவற்றுக்கு ஒத்துப்போகும். அந்த கிரேடில் இன்னொரு நன்மையும் உண்டு. கேடலிடிக் கன்வெர்ட்டரைக் காப்பாற்றுவதற்காக 5டபிள்யூ-30 மாதிரி இலேசான புது ஆயில்களில் பாஸ்பரஸ் அளவைக் குறைத்துவிட்டார்கள்; அதோடு தேய்மானம் தடுக்கும் துத்தநாகச் சேர்மமும் குறைந்தது. கேம் ஷாஃப்ட்டும் டேப்பெட்டும் உரசி ஓடுகிற பழைய என்ஜினுக்கு அது தேவை. ஆனால் எல்லாப் பழைய வண்டிக்கும் கெட்டி ஆயில் என்பது சரியல்ல. அந்தந்த வண்டிக்குக் கையேடு சொல்லும் கிரேடுதான் முதல். தேய்ந்து ஆயில் குடிக்கிற என்ஜினுக்கு ஒரு படி கெட்டியாகப் போடுவது ஊன்றுகோல், வைத்தியம் ஆகாது.

"மண்ணெண்ணெய் ஊத்தி ஒரு ஓட்டு ஓட்டிக் கழுவு." வேண்டவே வேண்டாம்! பெரிங்கில் இருக்கிற ஆயில் படலம் போய்விடும். வருடக்கணக்கில் படிந்த ஸ்லட்ஜ் கட்டியாகப் பெயர்ந்து போய் ஸ்ட்ரெயினரை அடைக்கும். அழுக்கேறிய என்ஜினுக்குச் சாதாரண ஆயிலையே போட்டு, ஆயிரம் கி.மீ.யில் ஃபில்டரோடு ஒரு தடவை, அடுத்த இரண்டாயிரத்தில் இன்னொரு தடவை மாற்றுங்கள். மெதுவாகத் தானே சுத்தமாகும்.

"ஆயில் லைட் எரியலை, அப்ப ஆயில் இருக்கு." அந்த விளக்கு காட்டுவது அழுத்தத்தை, அளவை அல்ல. அது எரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

2015 டிசம்பரை மறக்கலாமா?

2015 டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கி மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் கொட்டிய மழை 49 சென்டிமீட்டர். அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் மிதந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அதே இடங்களில் மறுபடியும் வெள்ளம். தண்ணீர் வடிந்ததும் மனிதனுக்கு முதலில் தோன்றுவது, சாவியைப் போட்டு ஒரு தடவை கிராங்க் பண்ணிப் பார்ப்போமே என்பதுதான். அங்கேதான் ஆபத்து! சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

மூழ்கிய வண்டியில் பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். பிளக்கைக் கழற்றிச் சிலிண்டரை உலர்த்துங்கள். டிரெயின் பிளக்கைத் திறங்கள். முதலில் வருவது தண்ணீராக இருக்கும், ஏனென்றால் ஆயில் மேலே மிதக்கும். ஆயிலும் ஃபில்டரும் புதிதாகப் போட்டு, கொஞ்சம் ஓட்டி, மறுபடி மாற்றுங்கள். கியர் பாக்ஸையும் பின் ஆக்ஸிலையும் மறந்துவிடாதீர்கள். அவற்றின் மூச்சுத் துளை வழியாகவும் தண்ணீர் போயிருக்கும்.

வருடத்தில் இரண்டே நாள்!

இனி என் யோசனை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை என்று சொன்னால் யாருக்கும் நினைவிருக்காது. பண்டிகை என்றால் மறக்காது. ஆயுத பூஜை ஒன்று. அதிலிருந்து ஏறக்குறைய ஆறு மாதம் தள்ளி சித்திரை ஒன்று. கச்சிதமாக, முதலாவது வடகிழக்கு மழைக்கு முன்னால். இரண்டாவது கத்திரி வெயிலுக்கு முன்னால்! மற்ற மதத்து நண்பர்கள் தங்களுக்கு வசதியான இரண்டு நாட்களை வைத்துக்கொள்ளட்டும். எந்த நாள் என்பது முக்கியமில்லை, நாள் ஒன்று இருக்க வேண்டும்.

அந்த இரண்டு நாளும்: என்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர் மாற்றுதல்; ஏர் ஃபில்டர் சுத்தம்; பிளக் இடைவெளி, பாயின்ட் இடைவெளி பார்த்தல்.

வாரம் ஒரு தடவை: சமதளத்தில் நிறுத்தி டிப் ஸ்டிக், ரேடியேட்டர் தண்ணீர், டயர் காற்று, ஸ்டெப்னிக்கும் சேர்த்து.

மாதம் ஒரு தடவை: ஃபேன் பெல்ட், பேட்டரி தண்ணீர், அம்பாசிடர் மாதிரி நிப்பிள் உள்ள வண்டிக்குக் கிரீஸ்.

வருடம் ஒரு தடவை: கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல் ஆயில் மட்டம், பிரேக் லைனிங், டேப்பெட் இடைவெளி.

இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை: கூலன்ட்டும் பிரேக் ஆயிலும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்தால் சூட்டில் கொதித்து, மிதித்தால் பெடல் பொதக்கென்று உள்ளே போகும்.

செய்ததை எல்லாம் தேதி, கி.மீ. போட்டு நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதி டேஷ்போர்டில் வையுங்கள். பழைய வண்டிக்கு ஜாதகம் அதுதான். 15 ஆண்டு முடிந்த சொந்தக் காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5000 ரூபாயாக ஏறியது. அவ்வளவு கட்டிவிட்டு ஃபிட்னஸில் கோட்டை விடலாமா?

மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள்

ஆயுத பூஜைக்கு முந்தின சனிக்கிழமை, நம் காலேஜ் மைதானத்தில் ஒரு நாள் இலவசப் பரிசோதனை முகாம் நடத்தலாமே! ஆட்டோமொபைல், மெக்கானிக்கல் மாணவர்கள் பத்துப் பேர் போதும். பழைய கார், வேன், ஆட்டோ வைத்திருக்கிற அக்கம்பக்கத்துக்காரர்கள் வரட்டும். டிப் ஸ்டிக் பார்ப்போம், பெல்ட் பார்ப்போம், டயர் பார்ப்போம். 'அடுத்த ஆயில் இந்தத் தேதியில்' என்று ஒரு அட்டை எழுதிக் கொடுப்போம். செலவு, அட்டை அச்சடிக்கிற காசுதான்.

ஆயில் மாற்ற விரும்பினால் மாற்றியும் கொடுக்கலாம். ஆனால் எடுத்த ஆயிலை ஒரு பீப்பாயில் சேர்த்து, அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடமே கொடுக்க வேண்டும். பழைய ஆயில் 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயகரமான கழிவு. ஒரு கார் ஒரு தடவை கழித்த ஆயில் பத்து லட்சம் காலன் நல்ல தண்ணீரைக் கெடுக்கும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு எச்சரிக்கிறது. சிட்லபாக்கம், செம்பாக்கம், சேலையூர் என்று ஏரிகளைச் சுற்றி வாழ்கிற நமக்கு இது சின்ன விஷயமா?

நண்பர்களே! பேப்பரில் அரியர் விழுந்தால் அடுத்த செமஸ்டரில் எழுதிக்கொள்ளலாம். ஆயிலில் அரியர் வைத்தால் சப்ளிமென்டரி கிடையாது. நேராக என்ஜின் டிஸ்கண்டினியூ! அதோடு ஒரு குடும்பத்தின் பிழைப்பும் போகும்.

அந்த அண்ணனின் ஆம்னி இப்போது வேறொருவரிடம் இருக்கிறது. போன வாரம் கேம்ப் ரோட்டில் பார்த்தேன். ஓட்டுகிறவரை நிறுத்தி, "அண்ணே, ஒரு நிமிஷம் பானெட்டைத் திறக்கறீங்களா?" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "ஆம்னிக்கு என்ஜின் சீட்டுக்கு அடியில தம்பி!" என்றார். மூன்று வருடம் படித்தவனுக்கு அசடு வழிந்தது. ஆனாலும் சீட்டைத் தூக்கிக் காட்டினார். ஆயில் சுத்தமாக இருந்தது.

எலுமிச்சம்பழம் வைப்போம், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் ஒரு தடவை டிப் ஸ்டிக்கை உருவிப் பார்ப்போம்!

– மூன்றாமாண்டு மாணவன்,
ஆட்டோமொபைல் பிரிவு